முன்பாக்கியை நம்பாதே, சரக்கை எண்ணு!

"ஏரோப்ளேன்ல வேலையா? ஏர் ஹோஸ்டஸா?" என்று கேட்காத சொந்தக்காரர் எனக்கு இல்லை. இல்லை என்றால், "அப்போ பைலட்டா?" என்பார்கள். அதுவும் இல்லை என்றதும் முகத்தில் ஒரு குழப்பம் வரும். விமானத்தில் மூன்றாவதாக ஒரு வேலை இருக்கும் என்று நம் கல்யாண வீடுகளில் யாரும் யோசிப்பதில்லை.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. 1903-ல் பறந்த ரைட் சகோதரர்களை உலகத்துக்கே தெரியும். அந்த விமானத்துக்கு இன்ஜின் செய்து கொடுத்த சார்லஸ் டெய்லர் என்கிற மெக்கானிக்கை எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் பிறந்த மே 24-ம் தேதியை அமெரிக்காவில் விமானப் பராமரிப்பாளர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். நான் அவருடைய கட்சி. ஏ.எம்.இ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் விமானப் பராமரிப்புப் பொறியாளர்.

சொந்த ஊர் அருப்புக்கோட்டை. அப்பாவுக்கு மளிகைக் கடை. எனக்கு வேலை கிடைத்தது மகாராஷ்டிராவில், ஒரு சிறிய ஊரில் இருக்கும் விமானப் பயிற்சிப் பள்ளியில். பைலட் ஆக ஆசைப்படும் பிள்ளைகள் அங்கே பறக்கப் பழகுவார்கள். மொத்தம் நான்கு விமானங்கள். நான்குமே செஸ்னா 172. உலகத்திலேயே அதிக எண்ணிக்கையில் தயாரான விமான ரகம் இதுதான். 44,000-க்கும் மேல் செய்திருக்கிறார்கள். நான்கு பேர் உட்காரலாம். கிட்டத்தட்ட ஒரு அம்பாசடர் காருக்கு இறக்கை வைத்த மாதிரி இருக்கும்.

நான் சேரும்போது பரீட்சைகள் முடிந்திருந்தன. ஆனால், கையெழுத்து போடும் உரிமம் இன்னும் வரவில்லை. திருச்சிக்காரரான ஒரு சீனியர் இன்ஜினீயரிடம் வேலை பழகினேன். அவரும் அந்தப் பள்ளிக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஆனால், சிறிய விமானங்களோடு 30 வருட அனுபவம். நான் அவரை 'சார்' என்பேன். அவர் என்னை "என்னம்மா" என்பார். முதல் நாளே சொல்லிவிட்டார். "ஸ்பானர் பிடிக்கிறது பாதி வேலைம்மா. எழுதுறது மீதிப் பாதி. எழுதலைன்னா, செய்யலைன்னுதான் அர்த்தம்."

ஒவ்வொரு விமானத்துக்கும் லாக் புக் உண்டு. உடலுக்கு ஒன்று, இன்ஜினுக்கு ஒன்று, முன்னால் சுற்றும் புரொப்பெல்லருக்கு ஒன்று. குழந்தைக்குத் தடுப்பூசி அட்டை மாதிரி, விமானம் பிறந்ததிலிருந்து எத்தனை மணி நேரம் பறந்தது, எந்தத் தேதியில் எந்த உதிரி பாகம் மாறியது, யார் மாற்றினார், யார் சரிபார்த்தார் என்று எல்லாமே அதில் இருக்க வேண்டும். 50 மணிக்கு ஒரு சோதனை, 100 மணிக்குப் பெரிய சோதனை. ஒவ்வொரு தடவையும் வேலையை எழுதி, 'இது பறக்கத் தகுதியானது' என்று உரிமம் உள்ள பொறியாளர் கையெழுத்து போட்டால்தான் விமானம் ஹேங்கரை விட்டு வெளியே போகும்.

எழுத்துக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்பதற்கு, சார் எனக்கு ஒரு விபத்தைச் சொன்னார். 1991 செப்டம்பர் 11. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம். காண்டினென்டல் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் ஒரு விமானம் லரேடோவில் இருந்து ஹூஸ்டனுக்கு வந்துகொண்டிருந்தது. ஈகிள் லேக் என்ற ஊருக்குப் பக்கத்தில் விழுந்து, அதிலிருந்த 14 பேரும் இறந்துபோனார்கள். முந்தின நாள் இரவு ஹேங்கரில் அதன் வால் பகுதியில் வேலை நடந்திருக்கிறது. ஒரு ஷிஃப்ட் ஆட்கள் மேல் பக்கத்தில் 47 ஸ்க்ரூக்களைக் கழற்றினார்கள். ஷிஃப்ட் மாறியது. கழற்றிய விவரம் அடுத்த ஷிஃப்ட்டுக்கு எழுத்தில் சரியாகப் போய்ச் சேரவில்லை. காலையில் அந்த விமானம் 47 ஸ்க்ரூக்கள் இல்லாமலே பறக்கப் போனது.

"கழற்றினவன் கெட்டவன் இல்லம்மா. மாட்டாம விட்டவனும் கெட்டவன் இல்ல. அவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான். நாம எழுதுறது நமக்காக இல்ல. நாளைக்கு வரப்போற, நம்ம முகத்தையே பாக்காத ஒருத்தனுக்காக" என்றார்.

இப்படி எங்கள் வாழ்க்கை பேனாவும் தடித்த புத்தகமுமாகப் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு திங்கட்கிழமை பள்ளி நிர்வாகத்தில் இருந்து அறிவிப்பு வந்தது. இனிமேல் லாக் புக் எல்லாம் ஆன்லைன். ஒரு டேப்லெட்டைக் கொடுத்தார்கள். ஆளுக்கொரு லாகின், ஆளுக்கொரு பாஸ்வேர்டு. சார் அந்த டேப்லெட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, என்னிடம் நீட்டினார். "உங்க காலத்துச் சாமான். நீயே ஆரம்பி."

எனக்கோ உள்ளுக்குள் சந்தோஷம். போனில் பிறந்து போனில் வளர்ந்த தலைமுறை. இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். விமானத்தின் பதிவு எண், தயாரான வருடம், சீரியல் நம்பர், இன்ஜினின் சீரியல் நம்பர் எல்லாம் அரை மணி நேரத்தில் ஏறிவிட்டன. அடுத்த பக்கத்தில் அது ஒரு கேள்வி கேட்டது. 'இன்று வரை மொத்தம் எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறது?'

அங்கேதான் வேலை ஆரம்பித்தது.

முதல் சிக்கல், நேரத்தை எழுதும் முறை. காகிதத்தில் நாங்கள் மணி, நிமிடமாக எழுதுவோம். ஒரு மணி முப்பது நிமிடம் என்றால் 1.30 என்பது பழக்கம். ஆனால், அந்த மென்பொருளுக்குத் தசமத்தில் வேண்டும். ஒன்றரை மணி நேரம் அதற்கு 1.5. பழைய பழக்கத்தில் 1.30 என்று போட்டால், ஒரு மணி பதினெட்டு நிமிடம் என்று எடுத்துக்கொள்ளும். ஒரு பயணத்துக்குப் 12 நிமிடம் போனால், நூறு பயணத்துக்கு 20 மணி நேரம் கணக்கில் இருந்தே காணாமல் போய்விடும். சார் ஒரு அட்டையில் '6 நிமிடம் 0.1, 12 நிமிடம் 0.2' என்று 60 வரை எழுதி, மேஜைக்கு மேலே ஒட்டினார்.

இரண்டாவது சிக்கல், தேதி. அது மாதத்தை முதலில் கேட்கும் அமெரிக்கப் பழக்கம். 04/07 என்றால் நமக்கு ஜூலை 4. அதற்கு ஏப்ரல் 7. நாள் கணக்கில் காலாவதியாகும் பொருள்கள் விமானத்தில் எத்தனையோ இருக்கின்றன. தீயணைப்புக் கருவி, அவசரகால சிக்னல் கருவியின் பேட்டரி என்று. அவற்றில் மூன்று மாதம் முன்னே பின்னே போனால் விளையாட்டு இல்லை. செட்டிங்ஸில் போய் முதல் வேலையாக அதை மாற்றினேன்.

மூன்றாவதுதான் பெரியது. ஒவ்வொரு உதிரி பாகத்துக்கும் தனித்தனியாக இதுவரை ஓடிய மணி நேரத்தைக் கொடுக்க வேண்டும். அதை வைத்துத்தான், அடுத்த சோதனை எப்போது என்று மென்பொருள் தானாகக் கணக்குப் போட்டுப் பச்சை, மஞ்சள், சிவப்பு காட்டும். லாக் புக்கின் கடைசிப் பக்கங்களில் இந்தப் பட்டியல் இருந்தது. பார்த்துப் பார்த்து டைப் செய்ய வேண்டியதுதான்.

அன்று ராத்திரி வழக்கம்போல அப்பாவுக்கு போன் பண்ணினேன். பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவர் கடைக்குப் போன வருடம்தான் பில் போடும் கம்ப்யூட்டர் வந்திருந்தது.

"பழைய நோட்டுல இருந்த கணக்கை அப்படியே ஏத்துறியாம்மா?"

"ஆமாப்பா. வேற எப்படி ஏத்துறது?"

"நான் அப்படி ஏத்தலியே. கம்ப்யூட்டர் வந்த அன்னிக்கு கடைய ரெண்டு நாள் அடைச்சேன். பருப்பு எத்தனை மூட்டை, சோப்பு எத்தனை பெட்டின்னு கையால எண்ணித்தான் ஏத்துனேன். நோட்டுல தப்பு இருந்தா அது நோட்டோட போகும். அதையே கம்ப்யூட்டர்ல ஏத்திட்டா, அதுதான் உண்மைன்னு ஆயிரும். முன்பாக்கிய நம்பாத, சரக்க எண்ணு."

மறுநாள் காலையில் தயங்கித் தயங்கித்தான் சாரிடம் இதைச் சொன்னேன். வேலை இரண்டு மடங்காகுமே. அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "உங்கப்பா என்ன, ஆடிட்டரா?" என்றார்.

"மளிகைக் கடை சார்."

"அதான் சரியாச் சொல்றார்" என்று எழுந்து டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டார்.

ஒவ்வொரு விமானமாக நிறுத்தினோம். இன்ஜினை மூடியிருக்கும் கவுலிங்கைக் கழற்றி, ஒவ்வொரு கருவியின் மேலும் ஒட்டியிருக்கும் சின்னத் தகட்டைத் துடைத்து, அதிலிருந்த சீரியல் நம்பரை நான் சத்தமாகப் படிப்பேன். சார் புத்தகத்தைப் பார்த்து டிக் அடிப்பார். கண்ணுக்கு எட்டாத இடத்தில் போனை நீட்டி போட்டோ எடுத்து, பெரிதாக்கிப் படிப்போம். பல்லி மாதிரி இன்ஜினைக் கட்டிக்கொண்டு நின்ற நாள்கள் அவை.

பதிவு எண்ணின் கடைசி எழுத்தை வைத்து விமானங்களைக் கூப்பிடுவது எங்கள் வழக்கம். 'எக்கோ' என்ற விமானத்தின் விவரங்களை ஏற்றிக்கொண்டிருந்தேன். இடது மேக்னெட்டோவின் சீரியல் நம்பரைப் போட்டதும் சிவப்பில் ஓர் எச்சரிக்கை வந்தது. 'இந்தக் கருவி ஏற்கெனவே இன்னொரு விமானத்தில் உள்ளது.' முந்தின நாள் 'பிராவோ'வின் பழைய பட்டியலில் இருந்து நான் ஏற்றிய அதே நம்பர். பிராவோவின் தகடுகளை நாங்கள் இன்னும் சரிபார்க்கவில்லை. அடுத்த நாள்தான் அதன் முறை.

மேக்னெட்டோ என்பது ஸ்பார்க் பிளக்குக்குத் தீப்பொறி தரும் கருவி. பேட்டரி செத்தாலும் இன்ஜின் ஓட வேண்டும் என்பதற்காக, தானே மின்சாரம் உண்டாக்கிக்கொள்ளும். ஒன்று நின்றால் இன்னொன்று இருக்கட்டும் என்று ஒவ்வொரு இன்ஜினிலும் இரண்டு வைத்திருப்பார்கள். 500 மணிக்கு ஒருமுறை அதைக் கழற்றி, திறந்து சோதிக்க வேண்டும்.

ஒரே மேக்னெட்டோ இரண்டு விமானத்தில் எப்படி இருக்கும்? சார் நேராக பிராவோவிடம் போனார். கவுலிங்கைக் கழற்றினோம். அதில் இருந்தது மூன்றாவதாக ஒரு நம்பர். எந்தப் பட்டியலிலும் இல்லாத நம்பர்!

இரண்டு நாள் பழைய கோப்புகளைக் கிளறியதில் கதை தெரிந்தது. நாங்கள் இருவரும் அங்கே சேர்வதற்கு முன்னால், எக்கோவின் மேக்னெட்டோ கெட்டுப்போயிருக்கிறது. அவசரத்துக்கு பிராவோவில் இருந்ததைக் கழற்றி அதில் மாட்டியிருக்கிறார்கள். எக்கோவின் புத்தகத்தில் அதை ஒழுங்காக எழுதியும் இருக்கிறார்கள். பிறகு ஸ்டோரில் இருந்த வேறொன்றை எடுத்து பிராவோவில் மாட்டியிருக்கிறார்கள். அந்தப் புத்தகத்தில் ஒரே வரி. 'இடது மேக்னெட்டோ மாற்றப்பட்டது.' எந்த நம்பர், அது அதற்கு முன் எத்தனை மணி ஓடியது, எதுவும் இல்லை. பட்டியலில் பழைய மேக்னெட்டோவின் கணக்கே தொடர்ந்துகொண்டிருந்தது.

அந்தக் கணக்குப்படி பிராவோவின் மேக்னெட்டோ ஓடியது 380 மணி. சோதனைக்கு இன்னும் 120 மணி பாக்கி. நிஜத்தில், ஸ்டோரில் இருந்து வரும்போதே அது 260 மணி ஓடியிருந்தது. இங்கே வந்து 360 மணி. ஆக, 620. பாக்கி இருப்பதாக நாங்கள் நம்பிய அதே 120 மணியை அது தாண்டியிருந்தது.

காகிதம் பொய் சொல்லவில்லை. இரண்டு புத்தகங்களும் தனித்தனி அலமாரியில் இருந்தன. ஒன்றை ஒன்று அவை பார்த்ததே இல்லை. கம்ப்யூட்டர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தது. ஆனால், அந்த மூன்றாவது நம்பரைக் கம்ப்யூட்டர் கண்டுபிடித்திருக்க முடியாது. அதற்கு ஒருவர் கவுலிங்கைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

பிராவோவை நிறுத்தினோம். மறுநாள் பறக்க வேண்டிய மாணவர்கள் முகத்தைத் தொங்கப் போட்டார்கள். நிர்வாகம் முணுமுணுத்தது. மேக்னெட்டோவை அங்கீகாரம் பெற்ற பட்டறைக்கு அனுப்பினோம். உள்ளே கான்டாக்ட் பாயின்ட் நன்றாகத் தேய்ந்திருப்பதாக ரிப்போர்ட் வந்தது. உடனே விழுந்திருக்கும் என்று நான் பயமுறுத்த மாட்டேன். இன்னொரு மேக்னெட்டோ இருக்கிறது. ஒவ்வொரு முறையும் கிளம்பும் முன் பைலட் இரண்டையும் சோதித்துப் பார்ப்பார். ஆனாலும், தனியாகப் பறக்கும் 19 வயதுப் பிள்ளைக்குக் கீழே, யாருக்கும் வயது தெரியாத ஒரு கருவி ஓடிக்கொண்டிருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிற்றில் ஏதோ செய்யும்.

நான்கு விமானங்களையும் ஏற்றி முடிக்க ஏழு வாரம் ஆனது. பழைய பக்கங்களை எல்லாம் போட்டோ எடுத்துச் சேர்த்தேன். மங்கிய பால்பாயின்ட் எழுத்து, ஓரத்தில் எண்ணெய்க் கைரேகை என்று ஒவ்வொரு பக்கத்திலும் யாரோ ஒருவர் இருந்தார். நடைமுறைக் கையேட்டைத் திருத்தி ஒப்புதல் வாங்கும்வரை காகிதம், கம்ப்யூட்டர் இரண்டிலும் எழுதினோம். லாக் புக்கில் ஒயிட்னர் கூடாது. தப்பாக எழுதினால் ஒற்றைக் கோடு போட்டு, அடியில் இருப்பது தெரியும்படி அடித்து, பக்கத்தில் கையெழுத்து போட வேண்டும். ஆன்லைனிலும் அப்படித்தான். கையெழுத்தான பதிவு பூட்டிக்கொள்ளும். திருத்தம் புதிய பதிவாக ஏறும், பழையதும் அழியாமல் கூடவே இருக்கும். இதைப் பார்த்த பிறகுதான் சாருக்கு அந்த டேப்லெட் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

நான் எதிர்பார்க்காத சோதனை அதற்கப்புறம் வந்தது.

மகளின் வளைகாப்புக்காக சார் திருச்சிக்குப் போயிருந்தார். கையெழுத்து போடும் உரிமம் அப்போது அங்கே அவர் ஒருவருக்குத்தான். எக்கோவுக்கு 100 மணி சோதனை முடிந்திருந்தது. கடைசிப் பார்வையும் கையெழுத்தும் மட்டும் பாக்கி. நிர்வாகத்தில் இருந்து என்னைக் கூப்பிட்டார்கள். "அவருக்கு போன் போட்டு பாஸ்வேர்டும் ஓ.டி.பி-யும் வாங்கி நீயே போட்டுவிடு. ஆன்லைன்தானே?" என்றார்கள் இந்தியில்.

பேனா இருந்த காலத்தில் இப்படி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இன்னொருவர் கையெழுத்தைப் போடு என்றால் அதற்குப் பெயர் திருட்டுக் கையெழுத்து என்று எல்லோருக்கும் தெரியும். அதுவே ஆறு இலக்கமாக மாறியதும், கேஸ் சிலிண்டர் வாங்கும்போது சொல்கிற நம்பர் மாதிரி ஆகிவிட்டது.

எனக்கு பயம்தான். என் உரிமத்துக்கான அனுபவச் சான்று அதே பள்ளிதான் தர வேண்டும். சாருக்கு போன் பண்ணினேன். பின்னால் நாதஸ்வரம் கேட்டது. விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"நீ என்னம்மா நினைக்கிறே?"

"வேண்டாம்னு நினைக்கிறேன் சார்."

"அப்ப நான் தரலைன்னு சொல்லிடு. திட்டு என் பேர்ல போகட்டும்."

"நானும் போட மாட்டேன்னே சொல்லிடுறேன் சார்" என்றேன்.

சொன்னேன். எக்கோ இரண்டு நாள் ஹேங்கரிலேயே நின்றது. ஒரு வாரத்துக்கு நிர்வாகத்தில் யாரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சார் ரயிலை விட்டு இறங்கி, நேராக ஹேங்கருக்கு வந்தார். பையைக் கீழே வைத்துவிட்டு, "டார்ச்சைப் பிடி" என்றார். ஒன்றரை மணி நேரம் ஒவ்வொரு இடமாகப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. நாங்கள் செய்த வேலை எல்லாம் சரியாகவே இருந்தது. அதற்கப்புறம்தான் டேப்லெட்டை வாங்கி, ஒற்றை விரலால் தன் எண்ணை அழுத்தினார். பிறகு பையைத் திறந்து, வளைகாப்புச் சித்ரான்னம் ஒரு டப்பாவும் எனக்கென்று தனியாகக் கொஞ்சம் கண்ணாடி வளையலும் எடுத்துக் கொடுத்தார்.

இப்போது எனக்கு உரிமம் வந்துவிட்டது. போன மாதம் முதல் கையெழுத்து போட்டேன். அது பிராவோவின் 50 மணி சோதனை. என்ன வேலை, எந்தக் கையேட்டின்படி, மாற்றிய ஆயில் ஃபில்டர் எது, பழைய ஃபில்டரை வெட்டிப் பார்த்ததில் உலோகத் துகள் இருந்ததா என்று எல்லாம் எழுதினேன். 'ஆயில் மாற்றப்பட்டது' என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம்தான். இந்த விமானம் இன்னும் 20 வருடம் பறக்கும். அப்போது இதைத் திறந்து படிக்கப்போகிறவர் இன்று பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கலாம். அவரால் என்னிடம் வந்து சந்தேகம் கேட்க முடியாது.

எண்ணை அழுத்தியதும் என் பெயர், உரிம எண், தேதி, நேரம் எல்லாம் திரையில் வந்தன. பதிவு பூட்டிக்கொண்டது. வெளியே வந்து அப்பாவுக்கு போன் போட்டேன்.

"முதல் கையெழுத்து போட்டாச்சுப்பா."

கடையில் கூட்டம் போல. யாருக்கோ கால் கிலோ துவரம் பருப்பு நிறுத்துக்கொண்டே கேட்டார். "எல்லாத்தையும் நீயே பாத்துட்டுத்தானம்மா போட்ட?"

"ஆமாப்பா."

"சரி, அப்ப நல்லாருக்கும். சாப்ட்டியா?"